மின்போறணையில் செய்தித்தொடர்பு அறுதல்: காரணமும் ஆராயும் முறையும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே தேயிலைத் தோட்டங்களை அண்டி வாழும் மக்களுக்கு அனலை ஆளுங் கலை புதியதொன்றன்று. 1867 ஆம் ஆண்டில் யேம்சு தெயிலர் மலைநாட்டு லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டுக் கரியனலின் மேல் கொழுந்தை உலர்த்திய நாள் தொட்டு, இத்தீவின் தேயிலைத் தரம் வெப்பத்தின் அளவிலே பெரிதுந் தங்கியிருந்து வந்துள்ளது. தொழிலாளர் 'ஸ்டோர்' என வழங்கும் தோட்டத் தொழிற்சாலையில், உலர்த்தும் பொறியினுட் புகும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 90 முதல் 100 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். நொதித்த கொழுந்து 20 நிமிடமளவில் அப்பொறியினூடு சென்று, நூற்றுக்கு 3 பங்களவு ஈரமே எஞ்சிய நிலையில் வெளிவரும். வெப்பமானியை நோக்கி நிற்பவர் ஒருவர். உலைக்கு விறகிடுபவர் மற்றொருவர். இவ்விருவருக்குமிடையே செய்தி தவறுமாயின் தேயிலை கருகும். அன்றேல் ஈரம் நீங்காது கெடும்.

அவ்வாறு தேயிலை கெட்டவிடத்து, அனுபவம் வாய்ந்த டீமேக்கர் எவரும் உலையை இடித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலிலே பணிப்பதில்லை. வெப்பமானி சரியாகக் காட்டியதா, கண்டவர் கண்டதைச் சொன்னாரா, சொன்ன சொல் பொறிகளின் இரைச்சலைத் தாண்டி விறகிடுபவர் காதில் விழுந்ததா என்று ஒவ்வொன்றாக வினவுவார். உலையும் நன்று, வெப்பமானியும் நன்று, இடையிலே சொல் மட்டுமே வழுவியது என்பது பெரும்பாலும் தெரியவரும். ஸ்டோரில் நெடுங்காலம் வழங்கிய இவ்வறிவு, அதே தோட்டத்து வீடுகளில் இன்று புகுந்துள்ள மின்போறணைக்கும் முற்றாகப் பொருந்துவதாகும்.

பழைய மின்போறணையிலே உறுப்புகள் தம்முள் உரையாடும் வழக்கம் இருந்ததில்லை. திருகுமிழைத் திருப்பினால், திரவம் நிறைந்த மெல்லிய குழாயொன்றோடு தொடுத்த தொடுகை மூடும். மின்னோட்டம் சூடாக்கிக்குச் செல்லும். போறணை சூடேறத் திரவம் விரிந்து அத்தொடுகையைத் திறக்கும். கட்டளையிடுவதும் கட்டளையை நிறைவேற்றுவதும் ஒரே உறுப்பின் தொழிலாயிருந்தன. 1971 ஆம் ஆண்டில் முதலாவது வணிக நுண்செயலி வெளிவந்த பின்னர், கணிக்கும் ஆற்றல் மலிந்து வீட்டுப் பொருள்களுள்ளும் புகுந்தது. அதன் பயனாகப் போறணையின் மூளை இரண்டாகப் பிரிந்தது. விரல்படும் இடத்திலே எண்களைக் காட்டி விசைகளின் கட்டளையை ஏற்பது கட்டளைப் பலகை. உள்ளே மறைந்திருந்து, 230 உவோற்று மின்னழுத்தத்தைச் சூடாக்கிக்கும் விசிறிக்கும் திறந்து மூடுவது வலுப் பலகை. இவ்விரண்டையும் இணைப்பது சில மெல்லிய கம்பிகள் கொண்ட ஒரு வடம். இப்பிரிவு எல்லாப் போறணைகளிலும் இல்லையெனினும், இலக்கக் காட்டியுள்ள பலவற்றிலே காணப்படுவதாகும்.

இப்பிரிவினால் விளைந்த நன்மை பெரிது. விரல் தொடும் இடத்திலிருந்து ஆபத்தான மின்னழுத்தம் விலக்கப்பட்டது. ஆயின் ஒரு புதிய நோயும் உடன் பிறந்தது. இரு பலகைகளும் பழுதற்றிருக்க, அவற்றிடையேயுள்ள பேச்சு மட்டும் அறுந்துபோதல் இயல்வதாயிற்று. அப்பொழுது காட்டியிலே ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக ஒரு பிழைக்குறி தோன்றும். போறணை சூடேற மறுக்கும். ஒரே குறி ஒரு நிறுவனத்தின் பொருளில் ஒன்றையும் மற்றொன்றில் வேறொன்றையும் குறிக்கும். ஆதலின் பொருளோடு வந்த கைந்நூலைக் காத்து வைத்தல் முதற் கடமையாகும்.

இக்கோளாறு சிறிதெனக் கருதத்தக்கதன்று. தோட்டத்து வீட்டில் மின்போறணை பெரும்பாலும் ஆடம்பரப் பொருளாக வாங்கப்படுவதில்லை. கேக்கும் பணிசும் செய்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணை தேடும் பொருட்டே பலரால் வாங்கப்படுகின்றது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி 25 நாள் உழைப்பின் அடிப்படைக் கூலி 33,750 ரூபா. இத்தகைய வருவாயுடைய இல்லத்திலே, பழுதற்ற பலகையொன்றைப் பழுதென்று கூறி மாற்றச் செய்வது, பல நாள் உழைப்பை வீணே பறிப்பதற்கு ஒப்பாகும். மாற்றிய பின்னும் அதே குறி மீண்டும் தோன்றுமாயின், இழப்போடு அவநம்பிக்கையும் சேரும். ஆகவே, குறி கூறுவது யாது, கூறாதது யாது எனத் தெளிதல் இன்றியமையாதது.

பலகைகள் எங்ஙனம் பேசுகின்றன என்பதை முதலில் அறிதல் தகும். 1844 ஆம் ஆண்டில் மோர்சு என்பார் வாசிங்டனிலிருந்து பால்ற்றிமோர் நகருக்குத் தந்தி அனுப்பியபொழுது, மின்னோட்டத்தின் இருத்தலும் இன்மையுமே எழுத்துகளாயின. போறணையிலும் அம்முறையே நிகழ்கின்றது. கம்பியிலே அழுத்தம் உயர்ந்திருப்பின் 1, தாழ்ந்திருப்பின் 0. இவ்வாறான எட்டு இலக்கங்கள் சேர்ந்து ஓர் அசை போலாகும். அவ்வசைகள் சேர்ந்து 'மேற்சூடாக்கியை இயக்குக', 'இப்பொழுது வெப்பநிலை 180 பாகை' என்றாற் போன்ற ஒரு வாக்கியமாகும். செக்கனுக்கு 9600 இலக்கங்கள் செல்லும் வேகத்தில் ஓரிலக்கத்துக்குரிய காலம் ஏறக்குறைய ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். அத்துணைச் சிறு காலத்துக்குத் தொடுகை விலகினும் ஓரிலக்கம் தொலைந்துவிடும்.

தொலைந்ததை அறிவதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. வாக்கியத்தின் இறுதியிலே, அதிலுள்ள எண்களினின்றுங் கணித்த ஒரு சரிபார்ப்பெண் சேர்க்கப்படும். பெறுபவர் தாமும் கூட்டிப் பார்ப்பர்; விடை ஒவ்வாவிடின் அவ்வாக்கியத்தைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்பர். கடைக்கணக்கின் அடியிலே கூட்டுத்தொகை எழுதி ஒப்புநோக்குவதைப் போன்றது இது. பலமுறை கேட்டும் ஒவ்வாதிருப்பினும், குறித்த காலத்துக்குள் மறுமொழியே வராதிருப்பினும், வலுப் பலகை சூடாக்கிகளை அறுத்துவிடும். கட்டளைப் பலகை பிழைக்குறியைக் காட்டும். வெப்பநிலை அறியாது அனலை ஏற்றிக்கொண்டிருத்தல் தீவிபத்துக்கு வழியாகும் ஆதலின், பேச்சு அறுந்தவிடத்துப் பணியை நிறுத்துதலே நல்லமைப்பின் இலக்கணமாகும். ஆகவே போறணை சூடேறாதிருப்பது இங்கு நோயன்று. நோய் கண்டு உடல் மேற்கொண்ட காவலே ஆகும்.

இதனாற் பெறப்படும் முடிபொன்று உண்டு. பிழைக்குறி, பேச்சு அறுந்தது என்பதை மட்டுமே அறிவிக்கின்றது. அறுத்தது எது என்பதை அறிவிப்பதில்லை. பேசுபவர் ஊமையானாலும், கேட்பவர் செவிடானாலும், இடையிலுள்ள வழி கெட்டாலும், மூவிடத்தும் அடையாளம் ஒன்றே. இம்மூன்றனுள் எளிதிற் கெடுவதும், எளிதில் திருத்தத்தக்கதும், குறைந்த செலவில் ஆராயத்தக்கதும் வழியே ஆகும். அதனை முதலில் ஆராய்க என்பதே இக்கட்டுரையின் சாரம்.

சப்பிரகமுவவின் தட்பவெப்பம் இம்முறையை மேலும் வலியுறுத்துகின்றது. இரத்தினபுரியில் ஆண்டு மழைவீழ்ச்சி 3500 மில்லிமீற்றரைத் தாண்டுவதாகும். அதிகாலையில் காற்றின் சாரீரப்பதன் பல நாள்களில் நூற்றுக்கு 90 இனை மேவி நிற்கும். ஈரக்காற்று, குளிர்ந்த பலகையின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. தூய நீர் மின்னை மிகச் சிறிதே கடத்தும். ஆயின் சமையலறைப் பலகையிலே எண்ணெய்ப்புகையும் தூசும் உப்பும் முன்னரே படிந்துள்ளன. அவற்றோடு கலந்த ஈரம் மின் கசியும் பாதையாகிவிடுகின்றது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். செய்திக் கம்பி பேச்சற்றிருக்கும் வேளையில், 10,000 ஓம் தடையொன்றினூடு 5 உவோற்றுடன் இணைக்கப்பட்டு உயர்நிலையில் நிறுத்தப்பட்டிருப்பதாகக் கொள்க. ஈரப்படலம் அக்கம்பிக்கும் பொதுக்கம்பிக்கும் இடையே மற்றொரு 10,000 ஓம் தடையாய் அமையுமாயின், கம்பியின் அழுத்தம் பாதியாகி 2.5 உவோற்றிலே நிற்கும். அஃது 1 என்பதா 0 என்பதா என்று கேட்பவருக்குத் தெளிவாகாது. நண்பகலில் ஈரம் உலர்ந்தவுடன் கம்பி மீண்டும் 5 உவோற்றை அடையும், குறியும் மறையும். காலையிலே தோன்றி மதியத்தில் மறையும் கோளாற்றைக் கண்டு இல்லத்தார் வியப்பதும், பழுதுபார்ப்பவர் வந்தபொழுது போறணை ஒழுங்காக இயங்குவதும் இதனாலேயே.

ஈரத்தின் இரண்டாவது தொழில் உலோகத்தைக் கெடுத்தலாகும். இணைப்பியின் முளைகள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசப்பட்டவை. போறணை சூடேறுந்தோறும் ஆறுந்தோறும் உலோகமும் பிளாத்திக்கும் வெவ்வேறளவில் விரிந்து சுருங்குதலால், முளை தன் கூட்டினுள் கண்ணுக்குத் தெரியாத அளவிலே உராய்கின்றது. உராயுந்தோறும் புதிய உலோகம் வெளிப்பட்டு ஒட்சியேறி, நுண்ணிய கருந்தூளாய்ச் சேர்கின்றது. இவ்வொட்சைட்டுப் படை தொடுகைத் தடையைக் கூட்டும். ஒரு முளையின் தடை 10 ஓம் ஆயிற்று எனவும், கட்டளைப் பலகை 0.1 அம்பியர் ஓட்டத்தைப் பெறுகின்றது எனவும் கொண்டால், அம்முளையிலே 1 உவோற்று வீணாகும். பலகைக்கு 5 உவோற்றுக்குப் பதிலாக 4 உவோற்றே கிட்டும். அழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கியவுடன் தம்மைத் தாமே நிறுத்தி மீளத் தொடங்குமாறு பல நுண்கட்டுப்படுத்திகள் அமைக்கப்பட்டுள்ளன. மீளத் தொடங்கும் அவ்விடைவேளையில் மற்றைப் பலகை மறுமொழி பெறாது பிழைக்குறியை எழுப்பும்.

இவ்விடத்தே பழகியவரும் ஏமாறும் இரு தருணங்கள் உள. ஒன்று, வடத்தைக் கழற்றி அதன் முனையில் அழுத்தத்தை அளத்தல். பல்மானி பெறும் ஓட்டம் மிகச் சிறிதாதலின் கெட்ட முளையிலும் அழுத்தம் வீழாது. மானி முழு 5 உவோற்றையே காட்டும். சுமை ஏறிய நிலையில், பலகையின் பக்கத்திலே அளந்தாலன்றி உண்மை வெளிப்படாது. மற்றொன்று, தொடர்ச்சியைச் சோதிக்கும்பொழுது பல்மானி எழுப்பும் ஒலியை நம்புதல். பல மானிகள் சில பத்து ஓம் வரையுங்கூட ஒலியெழுப்பும். 10 ஓம் தடையுள்ள கெட்ட முளை அச்சோதனையில் நல்லதெனத் தேறிவிடும். ஆதலின் செவியை நம்பாது, மானியிலுள்ள எண்ணைக் கண்ணால் வாசித்தல் வேண்டும். நல்ல கம்பியும் முளையுஞ் சேர்ந்து ஓர் ஓமுக்கும் குறைந்த தடையே காட்டும். மானியின் சொந்தக் கம்பிகளின் தடையை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு அளந்து, அதனைக் கழித்துக்கொள்க.

ஈரத்தை அடுத்து எண்ணத்தக்கது இடி. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழையைத் தரினும், இடிமின்னல் மிகுவது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களிலேயாகும். மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களிலும், ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் மலைச்சாரல்களிலே இடி முழங்கும். சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் இவ்விரு காலங்களிலேயே வருகின்றன. போறணைக்கு வேலை மிகுந்த நாள்களும் அதற்கு ஆபத்து மிகுந்த நாள்களும் ஒன்றாய் அமைவது இப்பகுதியின் தனித்தன்மை எனலாம். மின்னல் அண்மையில் வீழ்ந்தால், நீண்ட மின்கம்பிகளிலே பல்லாயிரம் உவோற்று ஒரு கணம் எழும். தடித்த சூடாக்கி அதனைத் தாங்கும். 5 உவோற்றுக்கென அமைந்த செய்தி வாயில் தாங்காது. இடி முழங்கும் வேளையில் ஆளியை மூடுதல் மட்டும் போதாது. செருகியையும் கழற்றி வைத்தல் வேண்டும். ஆளியின் இடைவெளியை அவ்வழுத்தம் பாய்ந்து கடக்க வல்லது.

மூன்றாவது காரணம் போறணையின் சொந்த வெப்பமே. பலகைகளைக் குளிர்விக்கும் சிறு விசிறி எண்ணெய்ப்பிசினால் இறுகிவிடின், பலகையின் வெப்பநிலை ஏறும். மின்வழங்கலிலுள்ள மின்பகு கொள்ளளவிகள் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் தம் ஆயுளிற் பாதியை இழக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. பற்றாசு வைத்த இடங்களும் சூட்டினாலும் குளிராலும் மாறி மாறித் தாக்கப்பட்டு மயிர்போல் வெடிக்கும். இத்தகைய வெடிப்பு, போறணை சூடேறி 20, 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே திறந்து பேச்சை அறுக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். இவற்றோடு எலி கடித்த வடமும், வெம்மை நாடிப் பலகையில் குடியேறும் கரப்பான்பூச்சியும் எறும்பும் பல்லியும் மலைச்சாரல் வீடுகளிலே மறக்கத்தக்கனவல்ல.

காரணங்கள் பலவாயினும் அவை தோன்றும் காலம் வெவ்வேறாதலின், நோயின் காலத்தை அறிதல் பாதி வைத்தியமாகும். ஈரக்காலையில் தோன்றி உலர்ந்தபின் மறைவது ஈரக்கசிவையும் ஒட்சியேறிய முளையையும் சுட்டும். சூடேறிய பின்னரே தோன்றுவது விசிறியையும் பற்றாசையும் கொள்ளளவியையும் சுட்டும். இடி முழங்கிய இரவுக்குப் பின்னர் தோன்றி என்றும் நீங்காதிருப்பது பலகையின் வாயில் எரிந்தமையைச் சுட்டும். கழுவித் துடைத்த பின்னர் தோன்றுவது உட்புகுந்த நீரைச் சுட்டும். இடம் மாற்றிய பின்னர் தோன்றுவது தளர்ந்த இணைப்பியைச் சுட்டும். மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் மட்டும் தோன்றுவது, ஊரெங்கும் விளக்கெரியும் வேளையில் நீண்ட கம்பியின் கடைக்கோடியிலே மின்னழுத்தம் தாழ்வதைச் சுட்டும். ஒரு கொப்பியிலே நாள், மணி, வானிலை, அப்பொழுது செய்த வேலை, தோன்றிய குறி என்பவற்றை ஒரு கிழமை எழுதி வைப்பின், எவ்விதக் கருவியுமின்றியே ஐயம் பெரிதுங் குறுகிவிடும்.

ஆராய்ச்சியின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் நன்று. முதலிலே, போறணையின் செருகியைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் இணைத்தல். மின் தடைப்பட்டு மீண்ட தருணத்திலே நுண்கட்டுப்படுத்தி நிலைதடுமாறி நின்றிருப்பின், இதனால் மட்டுமே அது தெளிவடையும். குறி மீண்டும் வாராதாயின் வேறெதனையும் தொடவேண்டுவதில்லை. இரண்டாவதாக, செருகியையும் குதையையும் நோக்குதல். 2000 வாற்றுப் போறணை 230 உவோற்றிலே ஏறக்குறைய 8.7 அம்பியர் ஓட்டத்தைப் பெறும். தளர்ந்த குதையில் அவ்வோட்டம் சூட்டை எழுப்பி முளையைக் கறுக்கச் செய்யும், அழுத்தமும் துடிக்கும். கறுத்த செருகியும் உருகிய குதையும் கண்டவிடத்து, மேற்கொண்டு ஆராயுமுன் அவற்றையே மாற்றுக. விளக்குக்கென இட்ட மெல்லிய நீட்டுக்கம்பியிலே போறணையை இயக்குதல் எக்காலத்தும் தகாது.

மூன்றாவதாக, குறி செய்தித்தொடர்புக் கோளாறு தானா, வெப்ப உணரியின் கோளாறா எனப் பிரித்தறிதல். பல போறணைகளில் உணரி பிளாத்தினத் தடையாகும். 0 பாகையில் 1000 ஓம் காட்டும் வகை, 25 பாகையில் ஏறக்குறைய 1097 ஓமும், 100 பாகையில் 1385 ஓமும், 200 பாகையில் ஏறக்குறைய 1758 ஓமும் காட்டும். 0 பாகையில் 500 ஓம் காட்டும் வகையும் வழக்கிலுண்டு. கைந்நூல் எவ்வகை எனக் கூறும். செருகி கழற்றிய ஆறிய போறணையிலே இதனை அளந்து, அறையின் வெப்பநிலைக்கு ஒத்திருப்பின் உணரியை ஐயுற வேண்டியதில்லை.

நான்காவதாக, வடத்தையும் இணைப்பிகளையும் ஆராய்தல். இதற்கு மூடியைத் திறத்தல் வேண்டுமாதலின், பயின்ற மின்வினைஞரே செய்யத்தக்கது. செருகி கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் சிறிது காலம் மின்னைத் தேக்கி வைத்திருக்குமாதலின், காத்திருந்தே தொடவேண்டும். திறந்தவுடன் இணைப்பிகளின் நிலையைப் படமெடுத்து வைத்து, ஒவ்வொன்றாய்க் கழற்றி முளைகளின் நிறத்தையும் கூட்டின் இறுக்கத்தையும் நோக்குக. ஒட்சைட்டுப் படையைத் தொடுகை துடைக்கும் திரவத்தால் நீக்கி, உலர்த்தி, மீண்டும் உறுதியாகச் செருகுக. இரண்டு மூன்று முறை செருகிக் கழற்றுதலே பல வேளைகளில் படையைச் சுரண்டிவிடும். பின்னர் ஒவ்வொரு கம்பியையும் முனைக்கு முனை அளந்துகொண்டே வடத்தை மெல்ல அசைக்குக. அசைக்கும்பொழுது எண் தாவுமாயின் கம்பி உள்ளே முறிந்துள்ளது என்க. மடிந்து நீளும் நாடாவடமாயின் மடிப்பு விழுந்த இடத்தையே முதலில் ஐயுறுக.

ஐந்தாவதாக, வழி நன்று எனத் தெளிந்த பின்னரே வழங்கலழுத்தத்தைச் சுமையோடு அளத்தல். கட்டளைப் பலகை முற்றாக இருண்டிருப்பின் வழங்கற் கம்பியும், ஒளிர்ந்து குறியைக் காட்டுமாயின் செய்திக் கம்பியும் ஐயத்துக்குரியன. பேச்சற்ற வேளையில் உயர்நிலையில் நிற்கவேண்டிய செய்திக் கம்பி 0 உவோற்றிலே கிடக்குமாயின், எப்பலகை அதனைக் கீழே இழுக்கின்றது என்பதை ஒரு பலகையைக் கழற்றி மீண்டும் அளந்து அறியலாம். கழற்றியவுடன் அழுத்தம் எழுமாயின் கழற்றிய பலகையே குற்றவாளி. எழாதாயின் மற்றையதே, உயர்நிலையில் நிறுத்தும் தடை கழற்றிய பலகையிலே உள்ளதாயின் மட்டும் இம்முடிபு பொருந்தாது. ஆறாவதாகவும் இறுதியாகவுமே பலகையை மாற்றுதல். ஐந்து படிகளின் சான்றும் ஒரு பலகையையே சுட்டிய பின்னர் செய்யும் அச்செலவு வீண்செலவாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறுதல் கடமையாகும். 5 உவோற்று என்றவுடன் அதனை விளையாட்டெனக் கருதலாகாது. செலவைக் குறைக்கும் பொருட்டு, சில சாதனங்களின் வலுப் பலகையில் அவ்வைந்து உவோற்று வழங்கல் பிரதான மின்கம்பியினின்றும் தனிப்படுத்தப்படாதிருக்கும். அத்தகைய பலகையில் பொதுக்கம்பியே நிலத்தைச் சார்ந்து 230 உவோற்றில் நிற்றல் கூடும். இரண்டு முளைகளுக்கிடையே மானி 5 என்று காட்டிக்கொண்டிருக்க, ஈரத்தரையிலே வெறுங்காலோடு நிற்பவர் ஒன்றைத் தொட்டாலும் உயிரிழப்பர். ஆகவே மின்னேறிய நிலையில் அளத்தல் இல்லத்தார்க்கும் மாணவர்க்கும் உரியதன்று. நுண்ணலைப் போறணையின் மூடியையோ எவ்வாற்றானுந் திறத்தலாகாது. அதிலுள்ள கொள்ளளவி ஏறக்குறைய 2000 உவோற்று வரை ஏறி, செருகி கழற்றிய பின்னரும் கொல்லும் மின்னைத் தேக்கி நிற்க வல்லது.

பழைய லயன் வீடுகளிலே புவித்தொடுப்பு ஒழுங்காக உளதா என்பதை மின்வினைஞர் ஒருவரைக்கொண்டு அறிந்த பின்னரே மின்போறணையை நிறுவுதல் வேண்டும். 30 மில்லியம்பியர் கசிவிலே தானாக அறுக்கும், மக்கள் 'ட்றிப் சுவிச்' என வழங்கும் காவற்கருவி, எல்லா இல்லங்களுக்கும் இன்றியமையாதது. போறணை இயங்குந்தோறும் அஃது அறுக்குமாயின், அதனை நீக்கிவிட்டுப் போறணையை இயக்குவது, காவல்நாய் குரைக்கின்றது என்று அதனைக் கொன்றுவிட்டுத் துயில்வதை ஒக்கும்.

வருமுன் காத்தல் இவற்றினும் எளிது. போறணையைச் சுவரோடு ஒட்டாது காற்றுப் புழங்க வைத்தல், கேத்தில் நீராவி படாத இடத்தை அதற்குத் தேர்தல், கட்டளைப் பலகையை ஈரம் பிழிந்த துணியாலன்றிக் கழுவாதிருத்தல், மழைக்காலத்திலே நெடுநாள் பயன்படாதிருப்பின் கிழமைக்கு ஒருமுறை சிறிது நேரம் இயக்கி உலர்த்துதல், சமைத்து முடிந்தவுடன் செருகியைக் கழற்றாது குளிர்விக்கும் விசிறி தானாக ஓயும் வரை விட்டுவைத்தல் என்பன செலவில்லா மருந்துகளாம்.

உலர்த்தும் பொறியின் அருகே நிற்பவர்க்கும் உலையருகே நிற்பவர்க்கும் இடையே சொல் வழுவாது செல்லும்வரை ஸ்டோரின் தேயிலை கெடுவதில்லை. அவ்விருவர் செய்த தொழிலையே இன்று வீட்டுப் போறணையில் இரு சிறு பலகைகள் செய்கின்றன. அவற்றுள் ஒன்றைக் குற்றஞ்சாட்டிப் பணம் செலவிடுமுன், அவற்றிடையே கிடக்கும் ஒரு சாண் கம்பியை எவரேனும் கழற்றித் துடைத்து அளந்து பார்த்தனரா என்று இல்லத்தார் பழுதுபார்ப்பவரிடம் கேட்டல் வேண்டும். அவ்வொரு கேள்வி, பல நாட் கூலியை வீட்டிலே நிறுத்தவல்லது.